பின்னால் கேட்ட ரீங்காரம்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் முன்னோர் மொழி. வரப்போகும் ஒன்றை ஓசை முன்கூட்டியே அறிவித்துவிடும் என்பது அதன் பொருள். கோயில் யானையைக் கண்டு எழுந்த அந்தப் பழமொழி, இன்று நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் மின்சாரக் காருக்கும் பொருந்தும் என்பதை அண்மையில் என் வண்டியே எனக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தை வாசக அன்பர்களோடும், சிறப்பாக மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வது பயனுடையது என்று கருதுகின்றேன்.

செவி தந்த எச்சரிக்கை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியை அறியாதார் இலர். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை ஓடும் ஏ-9 வீதியின் ஒரு பகுதி அது. பலாப்பத்வளை, நாலந்தா, நாவுல என்று ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உறவினர் வீட்டு விசேடம் ஒன்றை முடித்துக்கொண்டு தம்புள்ளையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். என் அருகில் மனைவி. பின்னிருக்கையில் என் தாயாரும் மகளும்.

நாலந்தாவைக் கடந்ததும் தாயார், "தம்பி, பின்னால் ஏதோ வண்டு குடைவதுபோல் இருக்கிறதே, உனக்குக் கேட்கவில்லையா?" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. "வீதியின் சத்தம், அம்மா" என்று சொல்லிவிட்டேன். எழுபத்தெட்டு வயதான மூதாட்டிக்குக் கேட்டது, வண்டியை ஓட்டுகின்ற எனக்குக் கேளாமற் போனது எப்படி? நாள்தோறும் சிறிது சிறிதாக வளரும் ஓசையை, நாள்தோறும் கேட்கும் செவி உணர்வதில்லை. எப்போதாவது ஏறுபவரின் செவியே அதனைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கிழமைகள் சென்றபின் முன்னிருக்கையிலும் அந்த ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டியதும் மெல்லத் தொடங்கி, 60-ஐ எட்டும்போது தேன்கூட்டினருகே நிற்பது போன்ற முழக்கமாயிற்று.

வண்டியை ஒருவரிடம் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், இறங்கினார், "மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகை பல இலட்சம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த வண்டி எங்கள் குடும்பத்துக்கு வெறும் வாகனம் அன்று. 2015ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஜப்பானிலிருந்து பாவித்த மின்சாரக் கார்கள் பல இந்நாட்டுக்கு வந்திறங்கியபோது, சேமிப்பு முழுவதையும் திரட்டி வாங்கியது. 2022இல் பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றபோது, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களிலும், மின்சாரம் வந்த வேளைகளில் ஏற்றிய சக்தியைக்கொண்டு அயலவரையும் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்ற வண்டி அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தபின்னும் புதுவண்டி விலை எங்களைப் போன்றோர் கைக்கு எட்டுவதாக இல்லை. இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

மறுநாட் காலை, உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்கும் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, நம் வண்டியில் மோட்டார் முன்னால் அல்லவா இருக்கிறது? சத்தம் பின்னாலிருந்து வருகிறதே!"

பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. அச்சம் வந்தால் அறிவு விலகி நிற்கும் என்பது மெய்தான்.

அமைதியான வீட்டில் குழாய்ச் சொட்டு

மின்சாரக் காரில் இத்தகைய ஓசைகள் ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பெற்றோல் வண்டியில் இயந்திரத்தின் முழக்கம் மற்றைய சிற்றோசைகளையெல்லாம் மூடிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் குழாய் சொட்டுவது யாருக்குக் கேட்கும்? நள்ளிரவில் அதே சொட்டு நம்மை எழுப்பிவிடும். மின்மோட்டார் ஏறத்தாழ ஓசையின்றிச் சுழல்வதால் டயர், சக்கரம், தடை, காற்று ஆகிய ஒவ்வொன்றின் குரலும் தனித்தனியே கேட்கிறது. அதனால் மின்சாரக் காரில் பழுது மிகுதி என்று பொருளன்று. பழுது மறைவதில்லை என்றே பொருள்.

இந்த அமைதியே ஒரு குறையும் ஆயிற்று. வீதியில் நடப்போருக்கும் கட்புலன் அற்றோருக்கும் வண்டி வருவது தெரியவில்லை. ஆகவே, இத்தகைய வண்டிகள் மெதுவாகச் செல்லும்போது வேண்டுமென்றே ஓர் ஒலியை எழுப்ப வேண்டும் என்று 2016இல் ஐக்கிய நாடுகளின் வாகன விதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்கப்படும் ஒவ்வொரு புதிய மின்சாரக் காரும், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம் வரையிலும், பின்னோக்கிச் செல்லும்போதும் ஒலி எழுப்ப வேண்டும். ஆகவே, மெதுவாகச் செல்லும்போது மட்டும் கேட்டு, வேகம் கூடியதும் மறைந்துவிடும் இன்னொலி பழுதன்று. அது வண்டியின் மணியோசை. எங்கள் வண்டியின் ரீங்காரமோ இதற்கு நேர்மாறானது.

நான்கு கேள்விகள்

நோயாளியின் மார்பில் காது வைத்துக் கேட்கும் வைத்தியரின் கருவியை, பிரான்சு நாட்டு லயெனெக் என்பார் 1816இல் கண்டுபிடித்தார். கருவி எதுவாயினும் முறை ஒன்றே: எப்போது கேட்கிறது, எப்போது நிற்கிறது, எதனால் மாறுகிறது என்று வினவுதல். நானும் மகளும் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டோம்.

முதலாவது: வண்டி நிற்கும்போது கேட்கிறதா? மின்சாரத்தை ஏற்றிவிட்டு நின்ற நிலையில் செவிமடுத்தோம். ஓசை இல்லை. எனவே விசிறி, நீர்ப்பம்பி, சார்ஜர் ஆகியவை குற்றவாளிகள் அல்ல. இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெரிதும் காணப்படும் நிசான் லீஃப் வண்டி 2010 டிசம்பரில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்க ஆண்டுகளின் வண்டிகளில் சார்ஜர் பின்னிருக்கைக்குப் பின்னால் இருந்தது. 2013ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து முன்புறம் மாற்றப்பட்டது. ஆகையால், பழைய வண்டி மின்னேற்றும்போது பின்புறம் முனகினால் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது: மோட்டாரின் சுமையைப் பொறுத்து மாறுகிறதா? நேரான, வெறிச்சோடிய வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் மிதியிலிருந்து காலை எடுத்தோம், மீண்டும் அழுத்தினோம். மோட்டார் இழுத்தபோதும், இழுக்காதபோதும், வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திருப்பித் தந்தபோதும் ரீங்காரம் ஒரே சீராக இருந்தது. மோட்டாரோ அதன் பற்சக்கரங்களோ பழுதாயின் சுமை மாறும்போது குரலும் மாறியிருக்கும். பல இலட்சம் ரூபாய்ச் செலவு என்னும் பூதம் அந்த இடத்தில் பாதி மறைந்தது.

மூன்றாவது: வீதியின் தரையைப் பொறுத்து மாறுகிறதா? புதிதாகக் காப்பட் இட்ட வழவழப்பான பகுதியில் ஓசையின் ஒரு பங்கு குறைந்தது. கரடுமுரடான பகுதியில் கூடியது. ஆனால் அடியில் ஒரு கனத்த முழக்கம் மட்டும் எங்கும் மாறவில்லை.

நான்காவது: வளைவில் மாறுகிறதா? நாலந்தாப் பக்கத்து வளைவுகளே எங்களுக்குச் சோதனைக்கூடம் ஆயின. வலப்பக்கம் வளையும்போதெல்லாம் முழக்கம் ஓங்கியது. இடப்பக்கம் வளையும்போது தணிந்தது. வலப்பக்கம் திரும்பும் வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. பாரம் ஏறியதும் கதறுவது எதுவோ, நோய் அங்கேதான். ஐயம் பின்புற இடச்சக்கரத்தின்மேல் வந்து நின்றது.

டயர் சொன்ன பாதி உண்மை

மூன்றாம் கேள்விக்குக் கிடைத்த விடையை அலட்சியம் செய்ய முடியவில்லை. தரையைப் பொறுத்து மாறும் ஓசை டயரின் ஓசை. பின் டயர்களின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்தோம். ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் தடவும்போது வாளின் பற்களைப் போலவும் இருந்தன. காற்றழுத்தம் குறைதல், சக்கரங்களின் நேர்மை பிறழ்தல், அதிர்வுதாங்கி தளர்தல், டயர்களை இடம் மாற்றாது விடுதல் ஆகியவற்றால் இப்படித் தேயும். ஏறக்குறைய 1,500 கிலோகிராம் நிறையுள்ள இவ்வகைக் காரில் பற்றரி மட்டுமே 300 கிலோகிராம் வரை இருக்கும். அத்தனை பாரத்தையும் தாங்குவது அந்த நான்கு இறப்பர் வளையங்களே.

டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றி ஓட்டினோம். வியப்பு! ரீங்காரத்தின் ஒரு பகுதி டயர்களோடு சேர்ந்து முன்னே வந்துவிட்டது. ஆனால் கனத்த முழக்கம் பின்னாலேயே தங்கிவிட்டது. நோய் ஒன்றல்ல, இரண்டு. முதலில் கண்ட காரணத்தோடு திருப்தியடைந்திருந்தால், புதிய டயர்களுக்குப் பணம் கொடுத்தும் முழக்கம் தீராமல் ஏமாந்திருப்போம்.

மகள் போட்ட கணக்கு

இவ்விடத்தில் மாணவர்களுக்குச் சுவையான ஒரு கணக்கு உண்டு. எங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு 1,000 மீற்றர். ஆகவே சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று, அதாவது விநாடிக்கு எட்டுக்குச் சற்று மேற்பட்ட சுற்றுக்கள் சுழல்கிறது.

சக்கரத்தின் நடுவே இருப்பது பேரிங். இரண்டு உருக்கு வளையங்களுக்கு நடுவே சிறு உருக்குக் குண்டுகள் உருள்கின்றன. எங்கள் வண்டியின் பின்சக்கரத்தில் வெளிவளையம் அசையாது நிற்கிறது. உள்வளையம் சக்கரத்தோடு சுழல்கிறது. இடையில் உருளும் குண்டுகளின் கூட்டம் சக்கரத்தின் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில், ஏறக்குறைய 0.4 பங்கில், சுற்றி வருகிறது. வெளிவளையத்தில் ஒரு சிறு குழி விழுந்துவிட்டால், கடந்து செல்லும் ஒவ்வொரு குண்டும் அதில் ஒரு முறை இடறும். ஒரு வரிசையில் 14 குண்டுகள் என்று வைத்துக்கொண்டால், 14 × 0.4 × 8.3, விநாடிக்கு ஏறக்குறைய 47 இடறல்கள். அதுவே கனத்த முழக்கம். டயரின் மேற்பரப்புக் கட்டிகளோ சுற்றுக்குப் பல பத்து ஆகையால், அவற்றின் குரல் இதனினும் பல மடங்கு உயர்ந்தது. இரண்டு ஓசைகள் கலந்து கேட்டதன் மருமம் இதுதான்.

மகள் தன் கைத்தொலைபேசியில், ஒலியின் மீடிறனை வரைந்து காட்டும் செயலி ஒன்றை இயக்கிப் பின்னிருக்கையில் அமர்ந்தாள். 60 கிலோமீற்றர் வேகத்தில் 47க்கு அருகே மங்கலான ஒரு கோடும், அதன் இருமடங்கான 94இல் தெளிவான கோடும் எழுந்தன. 40க்கு வேகத்தைக் குறைத்ததும் தெளிவான கோடு 63க்கு அருகே இறங்கியது. 60க்கு 94 என்றால் 40க்கு 63, விகிதம் பிசகவில்லை. ஓசை சக்கரத்தின் சுழற்சியையே பின்தொடர்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

சக்கரத்தைத் தூக்கியபோது

மாத்தளையில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர். இன்று கைத்தொழிலில் முதல் வாங்கில் இருப்பவர். எங்கள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "சேர், முக்கால்வாசி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மிச்சத்தை விரலால் கேட்போம்" என்றார்.

பின்சக்கரத்தைச் சுழற்ற வேண்டுமானால் தரிப்புத் தடையை விடுவிக்க வேண்டும். அப்போது வண்டியை உருளாமற் பிடிப்பவை முன்சக்கரங்களே. ஆகவே முதலில் முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்தார். பற்றரிப் பெட்டியின் அடியில் ஜக் வைக்கலாகாது. பக்கச் சட்டத்தில் அதற்கென அமைந்த இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். தூக்கியபின் தாங்கியும் வைத்தார்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். சிறிதும் ஆட்டம் இல்லை. "ஆட்டம் இல்லை என்பதற்காகப் பேரிங் நல்லது என்று விடக் கூடாது, சேர். ஆடத் தொடங்கினால் அது கடைசிக் கட்டம்" என்றார். பின்பு சுருள்வில்லின்மேல் என் விரல்களை வைக்கச் சொல்லிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். மணலை அம்மியில் அரைப்பதுபோல் ஒரு நறநறப்பு விரல்களில் ஏறியது. வலப்பக்கச் சக்கரத்தில் அதே சோதனை செய்தபோது பட்டுப்போல் இருந்தது. வேறுபாட்டைக் குழந்தையும் உணரும்.

இவ்வகைப் பேரிங் மூடி முத்திரையிடப்பட்டது. திறந்து கிரீஸ் இடுவதற்கு வழியில்லை. சக்கரத்தின் நடுப்பகுதியோடு சேர்த்தே மாற்ற வேண்டும். தடையைக் கழற்றி, நான்கு ஆணிகளை நீக்கி, புதியதைப் பொருத்தினார். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணரியின் வயரை அறுந்துவிடாமல் ஒதுக்கினார். புதிய உறுப்பின் காந்த வளையத்துக்கு அருகே வேறு காந்தம் வராமற் பார்த்துக்கொண்டார். இறுதியில், ஆணிகளைக் கைப்போக்கில் இறுக்காமல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவியால் இறுக்கினார். செலவு, முன்பு கேட்ட தொகையில் ஒரு மிகச் சிறு பங்கு.

பழையதை உடைத்துப் பார்த்தோம். ஒரு வரிசையில் 14 குண்டுகள். மகளின் முகத்தில் பெருமை. கிரீஸ் துருநீர் கலந்து செந்நிறமாகியிருந்தது. வெளிவளையத்தில் அரிசிமணி அளவான குழி. அப்போதுதான் நினைவு வந்தது: சென்ற மழைக்காலத்தில் நாவுலவுக்கு அருகே எதிரே வந்த லொறிக்கு இடம்விட்டபோது, நீர் நிறைந்த பள்ளமொன்றில் இடப்பக்கச் சக்கரங்கள் தொப்பென்று விழுந்தன. அடியும் நீரும் அன்று செய்த காயம், பல மாதங்களுக்குப் பின் குரல் கொடுத்திருக்கிறது.

சிறு குண்டுகளின் பெருங்கதை

வண்டி அச்சில் குண்டுகளை வைத்து உராய்வைக் குறைக்கும் முறைக்கு 1794இல் வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் நகரத்துப் பிலிப் வான் என்பவர் உரிமம் பெற்றார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, சுவீடனின் கோதன்பர்க் நகரிலே நெசவாலை ஒன்றில் பொறியியலாளராக இருந்த ஸ்வென் விங்குவிஸ்ட் என்பவருக்கு ஒரு தொல்லை. ஆலை நின்றது களிமண் நிலத்தில். நிலம் அமிழ அமிழ, நீண்ட சுழல்தண்டுகள் நேர்மை பிறழ்ந்தன. பேரிங்குகள் ஓயாது கெட்டன. கெட்டதை மாற்றுவதோடு அவர் நின்றுவிடவில்லை. ஏன் கெடுகிறது என்று கேட்டார். தண்டு சாய்ந்தாலும் தானே இசைந்துகொடுக்கும் பேரிங் ஒன்றை 1907இல் உருவாக்கினார். எஸ்.கே.எஃப். என்னும் உலகப் புகழ்பெற்ற நிறுவனம் அவ்வாண்டு அவ்வாறு பிறந்தது.

மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேர்களைக் கண்டிருக்கும் நமக்குச் சக்கரத்தின் அருமை புதிதன்று. வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளையும், வானளாவிய அலங்காரத்தையும் எல்லாரும் காண்பர். அச்சாணியைக் காண்பவர் சிலர். பெருந்தேர் ஓடுவது சிறிய அச்சாணியால் என்பதை எடுத்துக்காட்டி, ஒருவரை உருவத்தால் மதிப்பிடலாகாது என்று அறிவுறுத்தினார் வள்ளுவர். மின்சாரக் காலத்திலும் அந்த உண்மை மாறவில்லை.

வாசகர் மனத்திற் கொள்ளத்தக்கவை

வண்டியின் கதவோரத்தில் குறித்துள்ள அளவுக்கு டயர்களின் காற்றை மாதந்தோறும் சரிபார்த்தல் வேண்டும். 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுதல் நன்று. மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால், பின்சக்கரத் தடைகள் வேலையின்றித் துருவேறி உரசுவதும் உண்டு. அந்த உரசலை ரீங்காரம் என்று மயங்கலாகாது. செம்மஞ்சள் நிற வயர்களை எவரும் தொடலாகாது. அவற்றில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்சாரம். ஜக் ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவதும் அத்தகைய விபரீதமே. யாவற்றினும் மேலாக, முழங்கும் பேரிங்கோடு நாட்களைக் கடத்தலாகாது. அது முற்றிலும் சிதைந்தால் சக்கரம் இறுகலாம், கழன்றும் போகலாம். இறத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஏறும் மலைவீதியில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும்போது அது நேர்ந்தால் என்னாகும் என்று எண்ணவும் மனம் நடுங்குகிறது. அடுத்த பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு அவ்வழியே செல்லத் திட்டமிட்டிருந்தோம்.

வேலை முடிந்த மறுஞாயிறு, தாயாரை ஏற்றிக்கொண்டு மீண்டும் தம்புள்ளைக்குப் போய் வந்தேன். திரும்பும் வழியில், நாலந்தாவைக் கடந்தபோது, "அம்மா, இப்போது ஏதாவது கேட்கிறதா?" என்று வினவினேன்.

விடை வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பேத்தியின் தோளிற் சாய்ந்து அவர் உறங்கிவிட்டிருந்தார். முதியோர் ஒன்று சொன்னால் "வீதியின் சத்தம்" என்று இனித் தள்ளிவிடுவதில்லை என அன்று மனத்துள் முடிவு செய்துகொண்டேன்.